சம்பளம் வாங்காத பொருளாளர் மேல் வழக்குப் போட முடியாதா?

ஹட்டன் பக்கத் தோட்டங்களில் ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு சுற்றுகிறது: "பொருளாளருக்குச் சம்பளம் இல்லை, சங்கக் காசு குறைந்தால் வழக்குப் போட முடியாது."

தவறு. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 388ஆம் பிரிவு சம்பளத்தைப் பார்ப்பதில்லை. நம்பி ஒப்படைத்ததை நேர்மையின்றித் தன் தேவைக்கு எடுத்தாரா என்றுதான் பார்க்கிறது. லயம் லயமாகப் போய் மரண உதவிச் சங்கச் சந்தா வாங்கி, சீ.ஆர். கொப்பியில் பெயரெல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, அந்தக் காசில் மகனின் மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டினால் அது நம்பிக்கை மோசடி. "தீபாவளி முற்பணம் வந்ததும் வைத்துவிடுகிறேன்" என்பதும் எடுபடாது (எல்லாரும் சொல்வது இதைத்தான்!). தற்காலிகமாக எடுத்தாலும் கையாடல்தான்.

பஸ்ஸில் காசுப்பையைத் தொலைத்தவர் கதை வேறு. நேர்மையீனம் இல்லாவிட்டால் 388 பொருந்தாது. ஆனால் கவனயீனத்துக்காகச் சிவில் வழக்கில் பதில் சொல்ல நேரலாம்.