முந்தைய நாளே சவரம் செய்துவிடுங்கள்

உங்கள் பயணக் கட்டுரையில், ஜெருசலேமிலிருந்து கிளம்பி, பாலைவன மலை உச்சியில் இருக்கும் மசாடா கோட்டையையும் சாக்கடலையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்கலாம்தான், ஆனால் கோட்டைக்கு நேரம் போதாது. எங்கள் வழிகாட்டி ஒன்றரை மணி நேரத்தில் கீழே இறக்கிவிட்டார். ரோப் காரில் ஏறி, ஏரோது மன்னன் மலை விளிம்பில் மூன்றடுக்காகக் கட்டிய வடக்கு அரண்மனையை எட்டிப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. பாறையைக் குடைந்த பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்றபோதுதான் அந்தப் பாலைவனத்தில் எப்படிப் பிழைத்தார்கள் என்று புரிந்தது. அதைத் தவறவிடாதீர்கள்.

அப்புறம் சாக்கடல். மற்ற கடல்களைவிடச் சுமார் 10 மடங்கு உப்பு. மல்லாந்து படுத்தால் உடம்பு தானே மிதக்கிறது, குப்புறத் திரும்பத்தான் கூடாது. காலையில் சவரம் செய்துவிட்டு இறங்கிய எனக்குக் கன்னமெல்லாம் தீயாய் எரிந்தது. கண்ணில் ஒரு துளி பட்டாலும் அவ்வளவுதான். கரையில் நல்ல தண்ணீர் பாட்டில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.