யுனைடெட் அட்டாக் கூடிட்டாம், அந்த மெசேஜ் பொய் மக்காள்

கல்லடி, கல்முனைப் பக்கத்து வட்ஸ்அப் குரூப்புகள்ல ஒரு மெசேஜ் ஓடுது, 2024-25 சீசன்ல மன்செஸ்டர் யுனைடெட் பிரீமியர் லீக்ல முந்தின சீசனவிட கூட கோல் அடிச்சதாம், அட்டாக் முன்னேறிட்டாம் எண்டு. அது பிழை. 2023-24ல 38 மெச்சுக்கு 57 கோல், 8ஆம் இடம். 2024-25ல அதே 38 மெச்சுக்கு 44 தான், 15ஆம் இடம்.

யூரோப்பா லீக் எண்ட வேற போட்டியில லியோனுக்கு ஒரு மெச்சுல 5, அத்லெடிக் பில்பாவோக்கு ரெண்டு மெச்சுலயும் சேத்து 7 எண்டு அடிச்சது உண்மைதான், ஆனா அதையெல்லாம் லீக் கணக்குக்குள்ள போட்டுக் கூட்டுறது என்ன கூத்து? அந்தப் போட்டி ஃபைனல்லயும் டொட்டன்ஹாமுக்கு ஒரு கோலும் அடிக்காம 1-0 எண்டு தோத்தவங்க.

அமோரிம் கோச்சா வந்தது 2024 நவம்பர்ல, அதுக்கு முதல் இருந்த கோச் டென் ஹாக்ட 9 லீக் மெச்சுல 8 கோல்தான், அந்த ஒன்பதோட மட்டும் பாத்தா கொஞ்சம் கூடினது எண்டு வாதாடலாம், அத நான் மறுக்கல்ல. ஆனா லீக்ல முன்னுக்கு நிண்ட ஹொய்லண்ட் 4 கோல், சிர்க்சே 3, ரெண்டு பேரும் சேந்தாலும் மிட்ஃபீல்ட்ல நிண்ட புருனோட 8க்கு எட்டல்ல.