50,000 ஜிபி புரத டிவிடி: சொன்னது என்ன, நடந்தது என்ன?

"இந்திய விஞ்ஞானி 50,000 ஜிபி கொள்ளும் டிவிடியைக் கண்டுபிடித்துவிட்டார், பெரிய நிறுவனங்கள் அதை மறைத்துவிட்டன" என்ற செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

2006-ல் பிரிஸ்பேனில் நடந்த நானோ அறிவியல் மாநாட்டில், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த வி. ரேணுகோபாலகிருஷ்ணன் பேசியதுதான் இதன் மூலம். புரதம் பூசிய வட்டு ஒருநாள் அந்த அளவை எட்டக்கூடும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. "எட்டக்கூடும்" என்பதை "எட்டிவிட்டது" என்று யாரோ மாற்றிவிட்டார்கள். அப்படி ஒரு வட்டு கடைக்கு வந்ததே இல்லை.

அடிப்படை அறிவியல் உண்மையானது, அழகானதும்கூட. உப்பு மிகுந்த நீரில் வாழும் ஹாலோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரின் (பெயரில் பாக்டீரியா இருந்தாலும் இது ஆர்க்கியா என்ற தனி நுண்ணுயிர்ப் பிரிவைச் சேர்ந்தது) சவ்வில் பாக்டீரியோரோடாப்சின் என்ற ஊதா நிறப் புரதம் இருக்கிறது. ஒளி பட்டதும் அதனுள் இருக்கும் ரெட்டினால் மூலக்கூறு வளைகிறது, ஊதா மஞ்சளாகிறது. இந்த இரண்டு நிலைகளையும் 0, 1 எனக் கொண்டால் தகவலைப் பதியலாம். அமெரிக்காவில் ராபர்ட் பர்ஜ் என்ற வேதியியலாளர் இதை வைத்து முப்பரிமாணக் கணினி நினைவகம் அமைக்கப் பல ஆண்டுகள் உழைத்தார்.

சிக்கலும் அங்கேயேதான். இயற்கையான புரதம் சுமார் 10 மில்லி விநாடியில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எழுதியது அழியாமல் நிற்க, அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவை மாற்ற வேண்டும். ரேணுகோபாலகிருஷ்ணன் செய்ததும் அந்த வேலைதான். அந்த உழைப்பைப் பாராட்டுவோம். இல்லாத சதியை அதன்மேல் ஏற்ற வேண்டாம்.