அது 'பேர்ன்'தான், திருத்த வேண்டாம்

முந்தாநாள் அந்தக் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், பாதியை அவர்களே அழித்துவிட்டார்கள். மகள் கொண்டுவந்த வாழ்த்து அட்டையில், இங்கே ஸ்காட்லாந்தில் பேசும் ஸ்காட்ஸ் மொழியில், 'பேர்ன்' (bairn) என்று எழுதியிருந்ததை ஆசையாகப் படம் எடுத்துப் போட்டேன், அவ்வளவுதான் என் குற்றம். "அது படிக்காதவங்க இங்கிலீஷ் சிஸ்டர், பிள்ளைக்கு நல்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுங்க" என்று ஒரு அண்ணன். அதற்கு லைக் மேல் லைக். பின்னாலேயே இன்னொருவர் வந்து, "இல்ல இல்ல, வைக்கிங்குகள் விட்டுட்டுப் போன சொல்" என்று தீர்ப்பு எழுதினார்.

அண்ணன்களே, இரண்டுமே தப்பு.

பேர்ன் என்றால் குழந்தை, பிள்ளை. பழைய ஆங்கிலத்தில் இது 'பெயார்ன்'. சுமத்தல், பெறுதல் என்ற வினையின் வேரிலிருந்து வந்தது, அதாவது பெற்றது. பிள்ளைக்கு இதைவிட நேரான பெயர் இருக்கிறதா? பேயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் நாயகனை 'எக்தேயோவின் பெயார்ன்' (எக்தேயோ அவன் அப்பா) என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அரக்கனின் கையைப் பிய்த்தெறிந்த வீரனைச் சொன்ன சொல் அது. படிக்காதவன் சொல்லாம்!

வைக்கிங் அண்ணனுக்குத் தனியாக. வைக்கிங்குகள் என்றால் நார்வே பக்கத்திலிருந்து கப்பலில் வந்த கொள்ளையர்கள். பழைய ஆங்கிலக் கவிஞர் கேட்மன் பாடிய துதிப்பாட்டின் மிகப் பழைய பிரதிகளில் ஒன்று கேம்பிரிட்ஜில் இருக்கிறது, 737ஐ ஒட்டி எழுதியது. அதில் 'ஐல்டா பார்னும்' என்று வருகிறது, மனிதரின் பிள்ளைகளுக்கு என்று பொருள். மொழி, வட இங்கிலாந்தின் பழைய அரசான நார்தம்ப்ரியாவின் பேச்சு. அன்றைக்கு, இப்போது ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோ வட்டாரமும் அந்த நார்தம்ப்ரிய அரசுக்குள்தான் இருந்தது, ஸ்காட்ஸ் அந்தப் பேச்சிலிருந்து கிளைத்ததுதான். அதே நார்தம்ப்ரியக் கரையில் இருந்த லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை வைக்கிங்குகள் கொள்ளையடித்தது 793ல். கப்பல் கரைக்கு வருவதற்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலும் 'பார்ன்' உண்டு, இன்றைக்கும் நார்வேக்காரர் குழந்தையை அப்படித்தான் சொல்கிறார். வடக்கே இந்தச் சொல் நிலைத்ததற்கு அவர்களும் கை கொடுத்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கை கொடுத்தவனும் பெற்றவனும் ஒன்றா?

"அகராதியிலேயே வட்டார வழக்குன்னுதானே போட்டிருக்கு?" இது கொஞ்சம் நியாயமான கேள்வி. எந்த அகராதி என்று பாருங்கள். 1700 வரையிலான ஸ்காட்ஸுக்கென்றே பழைய ஸ்காட்ஸ் அகராதி ஒன்று இருக்கிறது. வில்லியம் கிரெய்கி தொடங்கியது, 1931ல் வெளிவர ஆரம்பித்து 2002ல்தான் முடிந்தது, பன்னிரண்டு தொகுதிகள். அதில் பார்ன், பார்னே, பேர்ன் என்று விதவிதமான எழுத்தில் வரும். எழுத்துப் பிழை இல்லை, அவர்கள் உயிரெழுத்தை நீட்ட பக்கத்தில் ஒரு 'ஐ' போடுவார்கள். ராஜா, நீதிமன்றம், நாடாளுமன்றம் எல்லாம் இந்த மொழியில்தான் எழுதின. ஷேக்ஸ்பியரிலும் இந்தச் சொல் உண்டு, ஆனால் அங்கே கிழட்டு இடையன் ஒருவன் வாயில் வருகிறது, அது உங்கள் பக்கம் போய்விடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

சட்டத்துக்கு வாருங்கள். 'பேர்னின் பங்கு' என்று ஸ்காட்லாந்துச் சட்டத்தில் பழைய உரிமை ஒன்று. உயிலில் அப்பா என்ன எழுதினாலும், அசையும் சொத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு உண்டு. அம்மா உயிரோடு இருந்தால் மூன்றில் ஒன்று, இல்லையென்றால் பாதி. இன்று வேறு பெயர் சொல்கிறார்கள், உரிமை அப்படியே இருக்கிறது. கொச்சைச் சொல்லை வைத்து வக்கீல்கள் சொத்தைப் பிரித்தார்களாக்கும்.

"நீ தமிழச்சி, உனக்கென்ன வந்தது?" என் பிள்ளையை அந்தச் சொல்லால் கூப்பிடுகிறார்கள். அடுத்து.

எட்டு வருஷம் முன்னால் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதிக்கு வந்த முதல் குளிர்காலம். பஸ் நிறுத்தத்தில் மகளைத் தோளில் போட்டு நிற்கிறேன், பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, பேர்னுக்குக் குளிரவில்லையா என்று கேட்டார். 'பேர்' (bear) என்று காதில் விழுந்து, கரடியா என்று முழித்தேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் அவள் பேர்ன்தான். கிளாஸ்கோ பக்கம் போனால் 'வெய்ன்' என்பார்கள், குட்டி ஒன்று (wee ane) என்பது சுருங்கியது, அதுவும் அழகுதான், ஆனால் எங்களுக்கு பேர்ன்.

அந்தப் பாட்டி சின்ன வயதில் பள்ளியில் இப்படிப் பேசியதற்கு அடி வாங்கியவர். உள்ளங்கையில், தோல் வாரால். 'டாஸ்' என்பார்கள். அந்த வார்களுக்குப் பேர்போன ஊர் லாக்கெல்லி, எங்கள் ஃபைஃபிலேயே இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் அடி நின்றது 1987ல்தான். இன்றும் வங்கியிலிருந்து போன் வந்தால் பாட்டியின் குரலே மாறிவிடும், 'சைல்ட்' என்பார். போனை வைத்ததும் மறுபடி பேர்ன். வார் போய்விட்டது, பயம் போகவில்லை. இப்போது சொல்லுங்கள், "நல்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுங்க சிஸ்டர்" என்பது அக்கறையா?

2025ல் ஸ்காட்ஸுக்கும் இங்கேயுள்ள இன்னொரு மொழியான கேலிக் (Gaelic) மொழிக்கும் அதிகாரப்பூர்வ அந்தஸ்து தந்து இங்கே சட்டம் போட்டார்கள். அதைச் சொன்னதற்கு அண்ணன் சிரிப்பு எமோஜி போட்டார். முட்டாளுக்கும் பேர்னுக்கும் பாதி முடிந்த வேலையைக் காட்டாதே என்று இங்கே ஒரு பழமொழி. என் பேர்னுக்குத் தாராளமாகக் காட்டுவேன்.

அவரை மட்டும் திட்டி என்ன. மூன்று வருஷம் முன்னால் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தபோது மகள் வாசலில் நின்று யாரையோ பேர்ன் என்றாள். "சைல்ட்னு சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் திருத்தியது நான்தான். பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார், பாதித் துணி கூடையிலேயே இருந்தது.