குழியில் தண்ணீர் நிற்கிறதாம்!

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு விடுதியின் கார் நிறுத்தத்துக்காக மலைச்சரிவை ஆறு மீட்டர் வெட்டப் பார்க்கிறார்கள்; ஊற்று போய்விடும் என்பது எங்கள் பயம். இதைப் பற்றிய கூட்டத்தில், வெட்டலாம் என்று வாதாடிய கனவான் உதிர்த்த முத்துதான் தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கிறது: "நெய்வேலியில நூறு மீட்டர் தோண்டியும் தண்ணி வத்தலை, குழியில நிக்குது. இங்க ஆறு மீட்டர் வெட்டுனா ஊத்து போயிடுமா?" இதற்குக் கைதட்டல் வேறு.

ஐயா, குழியில் நிற்பது மிச்சமிருக்கும் தண்ணீர் இல்லை. நிலத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கும் தண்ணீர்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி சுமார் 50 முதல் 100 மீட்டர் மண், மணற்பாறை, களிமண்ணுக்கு அடியில் கிடக்கிறது. அதற்கும் கீழே மணலில் அடைபட்ட நிலத்தடி நீர். அது மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. திறந்துவிட்டால் 60, 80 மீட்டர் ஏறி நிற்கும். மேலே இருந்த மண்ணின் பாரம்தான் அதை அமுக்கி வைத்திருந்தது. பாரத்தை எடுத்தால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொள்ளும். அதனால்தான் குழியைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, அழுத்தம் இறங்கும்வரை இறைத்துவிட்டு, அப்புறம் நிலக்கரியில் கை வைக்கிறார்கள். இறைப்பு ராத்திரி பகல் நிற்காது, நின்றால் சுரங்கம் இல்லை. 1961இல் நிலக்கரி வெளிப்பட்ட காலத்திலிருந்து இதுதான் நடப்பு. மழைத்தண்ணீர் தனிக் கணக்கு. படிப்படியாக வெட்டிய மண்ணைக் கரைத்துக்கொண்டு அடிக்குட்டையில் சேரும். தெளியவிடாமல் வெளியே தள்ளினால் ஏரிகளில் வண்டல் ஏறும்.

"அந்தத் தண்ணி வயலுக்குத்தானே போகுது?" என்று உடனே வருவீர்கள். போகிறது, பக்கத்து வாலாஜா ஏரிக்கும் போகிறது, மறுக்கவில்லை. வாய்க்கால் எட்டும் வயலுக்கு லாபம். எட்டாத வயல்காரன் மோட்டாரை இன்னும் கீழே இறக்க வேண்டும். எடுத்த மண்ணைப் பின்னால் கொட்டி மூடினாலும் மணலும் களிமண்ணும் கலந்துபோகும், பழைய அடுக்கு திரும்பாது. 2023 ஜூலையில் நெய்வேலிப் பக்கத்து வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரம் இறங்கியதை டிவியில் பார்த்தோமே, எதற்கு? பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்கு. ஆற்றையே நகர்த்தினால்தான் சுரங்கம் நகரும். இதுதான் அவர் காட்டும் 'தண்ணி வத்தாத' உதாரணம்.

சரி, மலைக்கு வருவோம். ஆழம் கேள்வியே இல்லை. எந்த அடுக்கை வெட்டுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. நீலகிரியில் அடியில் கெட்டிப் பாறை. அதன்மேல் பாறை இற்றுப்போன மண், பாறைமேல் விரித்த ஈரச்சாக்கு மாதிரி. ஊற்றுக்கான சேமிப்பு பெரும்பாலும் அந்தச் சாக்கில்தான். ஆறு மீட்டர் வெட்டினால் நெய்வேலிக்குக் கீறல், எங்களுக்குப் பாதிச் சாக்கு போச்சு. கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய வேண்டியது மழைக்காலத்திலேயே வெட்டுமுகத்தில் வழிந்து ரோட்டுக் காவாயில் ஓடிவிடும். பொக்லைன் வெட்டிய இடத்தை மழை விட்ட பிறகு போய்ப் பாருங்கள். சிவப்பு மண்ணும் வெளுத்த மண்ணும் சேரும் கோட்டில் வியர்த்து நிற்கும். அதுதான் கீழே இருக்கும் ஹட்டியின், அதாவது படுகர் ஊரின், மார்ச் மாதத் தண்ணீர்.

அப்புறம் தடுப்புச்சுவர். சுவர் கட்டினால் பத்திரம் என்று ஒரு நினைப்பு. தண்ணீர் வடிய 3 அங்குலக் குழாயை வெளிப்பக்கம் சாய்த்து, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாவது பதிக்க வேண்டும், பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும். பல இடங்களில் குழாய் இருக்கும், ஜல்லி இருக்காது. ஒரே மழையில் சேறு அடைத்து, தண்ணீர் பின்னால் தேங்கி, சுவரைத் தள்ளும். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்சரிவில் போனார்கள். தண்ணீருக்கு வழி விடாமல் சுவர் எழுப்பாதீர்கள் என்று சொல்ல இன்னும் எத்தனை பேர் போக வேண்டும்?

"கரன்ட் வேண்டாமா, வளர்ச்சி வேண்டாமா?" வேண்டும் சாமி. எமரால்டு, அவலாஞ்சி, மேல் பவானி என்று பள்ளத்தாக்குகளை அணைக்குக் கொடுத்த மலை இது. குந்தா நீர்மின் நிலையங்களிலிருந்து மின்சாரம் கீழே போய்க்கொண்டுதான் இருக்கிறது. எங்களுக்கு வளர்ச்சிப் பாடம் எடுக்காதீர்கள். ஒரு விடுதியின் கார் நிறுத்தத்துக்காக நாட்டின் மின்சாரத் தேவையைப் பேச்சுக்குள் இழுப்பது என்ன நியாயம்?

எனக்கு எரிச்சல் அந்தக் கனவானின் நெய்வேலிப் பேச்சால்கூட இல்லை. ஊற்று எங்கே பிறக்கிறது என்று கைகாட்டத் தெரிந்த பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். "உணர்ச்சிவசப்படாதீங்க, இது டெக்னிக்கல்" என்றார் அவர்களிடம்! டெக்னிக்கல்தானே? பிப்ரவரியில் ஊற்றுவாயில் 20 லிட்டர் பக்கெட்டை வையுங்கள். 40 நொடியில் நிறைந்தால் ஒரு நாளுக்கு 43,200 லிட்டர். 100 நொடி ஆனால் 17,280. வெட்டுவதற்கு முன் ஒரு கோடை, வெட்டிய பின் ஒரு கோடை, இரண்டு அளவும் ஊராட்சியில் எழுதி வைக்கட்டும். ஆகும் செலவு ஒரு பக்கெட். அதைக் கேட்டதற்குத்தான் 'இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது' என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.