அந்த ஒற்றைத் தூண் ரோமில் இல்லை

நிலவொளி, அசையாத நீர், கரையில் கொடி படர்ந்த ஒற்றைத் தூண். இந்த ஓவியத்தை "ரோம் இடிபாடுகளை நேரில் பார்த்து அப்படியே வரைந்தது" என்ற குறிப்போடு பலரும் பகிர்கிறார்கள். அது தவறு.

இது அமெரிக்க ஓவியர் தாமஸ் கோல் 1836-இல் முடித்த 'பாழ்நிலை'. 'பேரரசின் போக்கு' என்ற ஐந்து ஓவியத் தொடரின் கடைசிப் படம். அதில் வரும் நகரம் முழுக்கக் கற்பனை. 1830-களின் தொடக்கத்தில் அவர் இத்தாலியில் இருந்தார், ரோமின் இடிபாடுகளைப் பார்த்தார் என்பது சரி. அந்தப் பாதிப்பும் இதில் உண்டு. ஆனால் இந்த இடம் எந்த வரைபடத்திலும் கிடையாது.

சந்தேகம் இருந்தால் தூரத்து மலையைப் பாருங்கள். உச்சியில் ஒரு பெரும்பாறை உட்கார்ந்திருக்கும். ஐந்து படங்களிலும் அதே பாறைதான். முதல் படத்தில் காடு, மூன்றாவதில் பளிங்கு மாளிகைகள், நான்காவதில் தீயும் போரும், அப்புறம் இந்த அமைதி. தூணின் உச்சியில் இப்போது பறவைக் கூடு. என்னை நெகிழ வைப்பது அந்தக் கூடுதான். ரோம் என்று பெயர் ஒட்டிவிட்டால் இந்தத் தொடர்ச்சியே கண்ணில் படாது. ஐந்து ஓவியங்களும் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தின் தொகுப்பில் உள்ளன. வரிசையாகப் பாருங்கள்.