உதானை விட்டுவிட்டீர்களே

தனியார் சேனல்கள் வந்த பிறகுதான் சின்னத்திரையில் பெண்கள் எதிர்த்துப் பேச ஆரம்பித்தார்கள் என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது. அது சரியில்லை. 1985லேயே தூர்தர்ஷனில் 'ரஜனி' என்ற இந்தி சீரியலின் நாயகி ரஜனி வந்துவிட்டாள். பிரியா டெண்டுல்கர் நடித்தது. ஊழல், அலட்சியம் என்று எது கண்ணில் பட்டாலும் நேரில் போய் நியாயம் கேட்கும் சாதாரணக் குடும்பத்தலைவி. அதைவிட எனக்கு நெருக்கமானது 1989இல் வந்த உதான் என்ற இந்தி சீரியல். கவிதா சவுத்ரியே எழுதி, இயக்கி, ஐ.பி.எஸ். அதிகாரி கல்யாணியாக நடித்தார். அதற்கு முன்பு சர்ஃப் சலவைத்தூள் விளம்பரத்தில் கணக்குப் பேசிய லலிதாஜியும் அவர்தான்! கல்யாணி கற்பனைப் பாத்திரம் மட்டும் இல்லை, கவிதாவின் அக்கா காஞ்சன் சவுத்ரியின் கதை அது. அந்த அக்காதான் 2004இல் உத்தராகண்டில் டி.ஜி.பி. ஆனார், ஒரு மாநிலத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். "இந்தி சீரியலை இங்கே யார் பார்த்தார்கள்?" என்று கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் கேட்டிருக்கிறார். நாங்கள் பார்த்தோம் சார். பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால், ஒரு வார்த்தை புரியாமல். இந்திப் பிரச்சார சபாவின் மத்யமா தேர்வு பாஸ் பண்ணியிருந்த அந்த வீட்டு அக்கா அரைகுறையாக மொழிபெயர்த்துச் சொல்வார். கல்யாணி காக்கிச் சட்டையில் வந்து நின்றதற்கு மட்டும் யாரும் அவரிடம் அர்த்தம் கேட்கவில்லை. அப்புறம் ஒரு மாதத்துக்கு என் தங்கை அப்பாவின் பெல்ட்டை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் திரிந்தாள்.